நாலு பேரின் நாக்கு

ஷட்டர் இறங்கிய அதிர்ச்சியில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையில் விழுந்தது. அதை இறக்கிவிட்டவனே நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“லைட்டுன்னு சொன்னீங்களே அண்ணி!”

“அப்படியா சொன்னேன்?”

“கேஷியர் மேஜைக்கு அடியில சிவப்பா ஒண்ணு இருக்கும், அமுக்குன்னு சொன்னீங்க. வெளிச்சம் வரும்னு பார்த்தா, இருந்த வெளிச்சமும் போச்சு.”

“பேங்க்ல கேஷியர் காலடியில லைட் சுவிட்ச் எதுக்கு வெக்கிறாங்க?” அண்ணி புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “திருடன் வந்தா அமுக்கறதுக்கு வெச்சது. இப்பவும் அந்த வேலையைத்தான் செஞ்சிருக்கு. உள்ள இருக்கற யாரும் இனிமே வெளிய போக முடியாது.”

“நாம?”

“நாமளும்தான்.”

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். கூடவே போய்த் திட்டு வாங்குவது என் தொழில். அண்ணன் வீட்டில் சமைக்கிறார். இந்தக் குடும்பத்தில் மிகவும் ஆபத்தான வேலை அவருடையதுதான், ஏனென்றால் அவர் சமைத்ததை அவரும் சாப்பிட்டாக வேண்டும்.

இந்தத் தடவை வழக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்திருந்தது. வந்தது என் தங்கை பாப்பாவிடமிருந்து.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வங்கி. இப்போது அதை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்வை பார்ப்பது பாப்பா. வீட்டில் எல்லோருக்கும் கடைக்குட்டி. இங்கே நாலு பேருக்கு மேடம். மதியம் அண்ணிக்கு ஃபோன் செய்திருந்தாள். “அண்ணி, இங்க வேலை செய்யற நாலு பேர்ல ஒருத்தர் நிஜமான வேலைக்காரரே இல்ல, வேஷம் போடறார். சாயங்காலம் வாங்க, யாருன்னு நேர்ல சொல்றேன். இதுக்கு மேல ஃபோன்ல வேண்டாம்.”

வந்தோம். வாசலில் அவள் ஸ்கூட்டர் இருந்தது. மேஜையில் கைப்பை இருந்தது. நாற்காலியில் ஹெல்மெட் இருந்தது. பாப்பாதான் இல்லை. பாதாள அறைக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் அவளுடைய இன்ஹேலர் கிடந்தது.

அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாப்பாவுக்கு மூச்சு முட்டினால் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பாத்ரூமுக்குப் போனால்கூட அதைக் கையோடு கொண்டு போகிறவள். அது இங்கே, அவள் எங்கே?

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் நீளும். அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஷட்டர் சத்தம் கேட்டு நாலு பேரும் ஹாலில் கூடினார்கள். பூட்டுக்காரர், தச்சர், கடிகாரக்காரர், குஷன்காரர். நாலு பேரையும் ஏஜென்சி வெவ்வேறு இடத்திலிருந்து இந்த வாரம்தான் அனுப்பியிருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குப் புதிது. மேடத்தை மத்தியானத்துக்கு அப்புறம் பார்க்கவே இல்லை என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

“மேடம் கீழ லாக்கர் ரூமுக்குப் போனாங்க. திரும்பி வந்ததை நான் கவனிக்கல,” என்றார் தச்சர். பெரிய உடம்பு, காதில் பென்சில்.

கட்டடத்தை அலசினோம். மாடி, கழிவறை, மேனேஜர் அறை, பரண் எதையும் விடவில்லை. ஜன்னல்களில் கம்பி. பின்கதவைப் போன மாதமே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். ஃபோனில் டவர் ஒரு கோடுகூட எட்டிப் பார்க்கவில்லை. பேச வேண்டுமானால் வாசலுக்குத்தான் போக வேண்டும், வாசலைத்தான் நான் சாத்தியிருந்தேன். பணம் வைக்கும் இரும்பறை ஆவென்று திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு பல்லி மட்டும் காவல் காத்தது.

லாக்கர் அறையில்தான் விஷயம் இருந்தது. உரிமை கோரி யாரும் வராத பழைய லாக்கர்கள் ஒரு சுவர் நிறைய. அவற்றில் இரண்டின் கதவு பிதுங்கி, வளைந்து, உள்ளே காலியாக இருந்தது.

“அண்ணி, புரிஞ்சுடுச்சு. பூட்டுக்காரன்தான்,” என்று கிசுகிசுத்தேன். “வேற யாருக்கு லாக்கர் திறக்க வரும்?”

அண்ணி அந்த வளைந்த கதவைத் தொட்டுக் காட்டினார். “பூட்டு திறக்கத் தெரிஞ்சவன் எதுக்குடா கம்பியை விட்டு நெம்பறான்?”

இது மாதிரி நேரங்களில் நான் துப்பறியும் தொழிலை விட்டுவிட்டு அண்ணனோடு சமையலுக்குப் போய்விடலாமா என்று நினைப்பதுண்டு.

“பாப்பா இதை உடைச்சவனைக் கையும் களவுமா பார்த்திருக்கா,” என்றார் அண்ணி. “பார்த்தவளை வெளிய கொண்டுபோக அவனுக்கு நேரமில்ல. வாசல்ல கடைக்காரங்க இருக்காங்க. அதனால பாப்பா இந்தக் கட்டடத்துக்குள்ளதான் எங்கேயோ இருக்கா.”

“எல்லா இடமும் பார்த்துட்டோமே?”

“பார்த்துட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்.”

மேலே வந்தோம். பூட்டுக்காரர் ஷட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒல்லியான மனிதர், பற்களுக்கு நடுவே ஒரு திருப்புளி. நாங்கள் போனதும் அதை எடுத்துவிட்டுப் பேசினார்.

“கஷ்டம் மேடம். நாக்கு உள்ள போய் மாட்டிக்கிச்சு.”

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். “நாக்கா? எங்க, காட்டுங்க பார்ப்போம்.”

பூட்டுக்காரர் இடது கையை மடக்கி, அதற்குள் வலது கை விரலைச் சர்ரென்று செருகினார். “இதான். சாவியைத் திருகினா பூட்டுக்குள்ளேருந்து ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கிட்டுப் போய் குழியில உக்காரும். நீட்டறதாலயும் இழுத்துக்கறதாலயும் நாக்கு. இது துரு பிடிச்ச நாக்கு, பேச்சு கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் பிடிக்கும்.”

“உங்க வீட்டு நாக்கு மாதிரி இல்லையே?” என்றேன்.

“அது துருவே பிடிக்காது சார்,” என்று அவர் சிரித்துவிட்டுத் திருப்புளியைத் திரும்பப் பல்லில் கடித்துக்கொண்டார்.

அண்ணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். வீட்டில் சாவி தொலைந்து, அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டால் அப்படித்தான் சிரிப்பார். அங்கிருந்து நேரே தச்சரிடம் போனார்.

“ஏங்க, உங்க வேலையில நாக்குன்னா என்ன?”

என் தங்கையைக் காணோம், மூச்சு மருந்து என் பையில், இவர் தமிழ் வகுப்பு நடத்துகிறார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார்.

தச்சர் வாயால் பதில் சொல்லவே இல்லை. கீழே கிடந்த இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்தார். ஒன்றின் விளிம்பில் மெல்லிய வரம்பு நீட்டிக்கொண்டிருந்தது, மற்றதில் அது உட்காரும் பள்ளமாக ஒரு காடி. ஒன்றை மற்றதில் செலுத்தி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரே பலகை ஆகிவிட்டது.

“அதோ அந்த பெஞ்சு பூரா இப்படித்தான் மேடம்,” என்று சுவரோரம் கிடந்த நீளப் பெஞ்சைக் காட்டினார். “நாக்கும் காடியும்தான், ஒரு ஆணி கிடையாது. உள்ள பெட்டி மாதிரி. மூடியைத் தூக்கினா கம்பளி, தலகாணி எல்லாம் வெச்சுக்கலாம். மேடம் சொன்ன டிசைன்.”

“நல்லா இருக்கு,” என்றார் அண்ணி.

மூன்றாவது ஆள் கடிகாரக்காரர். வங்கியின் பெரிய சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து ஒரு துணியில் பரப்பியிருந்தார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடிக் குழலை இடுக்கியிருந்ததால், எங்களைப் பார்க்க முகத்தையே திருப்ப வேண்டியிருந்தது. கேள்வியைக் கேட்டதும் அவர் மணிக்கட்டு தானாக இடமும் வலமும் ஆடியது.

“மணியோட நாக்கு. இப்படி ஆடி, இப்படி மோதும்.” சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பித்தளைக் குண்டை எடுத்தார். “கழட்டிப் பையில வெச்சுக்கிட்டேன். இல்லைன்னா வேலை செய்ய விடாது. பல் இருக்கு, கை இருக்கு, முகம் இருக்கு. இது ஒண்ணு இல்லைன்னா கடிகாரம் ஊமை.”

“இதைக் கழட்டற விதத்தை எனக்கும் சொல்லிக் குடுங்க,” என்றேன். “எங்க வீட்டுல ரெண்டு பேருக்குத் தேவைப்படுது.”

அண்ணி திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். நல்லவேளை கேட்கவில்லை.

கடைசியில் குஷன்காரர். அந்த நீளப் பெஞ்சின் ஒரு முனையில் மண்டியிட்டு, பச்சைத் துணியை இழுத்துவைத்துக் குட்டி ஆணிகளாக அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டில் ஆணி. ஒரு கையால் துணியை இழுப்பார், விடுவார், தட்டிலிருந்து ஆணி எடுப்பார், வைப்பார், அடிப்பார். தலைமுடியைப் படிய வாரிய, மரியாதை தெரிந்த மனிதர்.

“உக்காருங்க சார். புதுசா போட்டது, நீங்கதான் போணி,” என்று எனக்கு இடம் காட்டினார்.

அலைந்து அலைந்து கால் வலித்தது. உட்கார்ந்தேன். கால் நீட்டினேன்.

“உங்க வேலையில நாக்குன்னு ஏதாவது உண்டா?” என்றார் அண்ணி.

“உண்டு மேடம்,” என்றார் அவர், சுத்தியலை நிறுத்தாமலே, தெளிவான குரலில். “சோபாவுல முதுகும் சீட்டும் சேர்ற இடுக்கு இருக்கு பாருங்க, அங்க துணியை உள்ள விட்டுப் பின்னாடி இழுக்க ஒரு பட்டி வெச்சுத் தைப்போம். வெளிய தெரியாது. அதைத்தான் நாக்குன்னு சொல்றது.”

நாலு பேரில் இவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கையை ஆட்டிக் காட்டவில்லை, பலகையைத் தட்டவில்லை. அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குனிந்து புதுத் துணியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அது எனக்கு அடியில் கசங்கிய படுக்கை விரிப்பு மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது.

பிறகு பூட்டுக்காரரிடம் போய் ஏதோ கிசுகிசுத்தார். அங்கிருந்து தச்சரிடம் போனார். பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். கொஞ்சம் தள்ளி அந்தச் சுத்தியல் சத்தம்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கம்பி ஜன்னலின் நிழல் எங்கள் எல்லோர் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சுவருக்குள் எங்கோ பாப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். சிறு வயதில் கண்ணாமூச்சி ஆடினால் அவள் ஒளிந்த இடத்தை நான் ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை. அவளே இருமி மாட்டிக்கொள்வாள். ஜெயித்துவிட்டதாக நான் குதிப்பேன்.

“பாப்பா, இப்பவும் இருமித் தொலையேன்,” என்று முணுமுணுத்தேன். “வருஷக்கணக்கா என் பைக்கைக் கேட்டுக்கிட்டிருக்கியே, நீ மட்டும் முழுசா கிடைச்சுட்டா சத்தியமா அதை உனக்கே குடுத்துடறேன். சாவியோட. பெட்ரோலும் போட்டு.”

குஷன்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “கிடைச்சுடுவாங்க சார். எங்கேயாவது வெளிய போயிருப்பாங்க.”

“ஹெல்மெட் இல்லாம எங்க தெரு முனைக்குக்கூட போக மாட்டா. என்னை மாதிரி இல்ல. அவளுக்குத் தலையில ஏதோ இருக்கு.”

அப்போது ஷட்டர் பக்கம் இருந்து ஒரு கிறீச் சத்தம். “நாக்கு வெளிய வந்துடுச்சு!” என்று பூட்டுக்காரர் கத்தினார். “இனிமே கையால தூக்கிடலாம்.”

எல்லோரும் எழுந்தார்கள். குஷன்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கிளம்பிட்டீங்களா?” என்றார் அண்ணி, ஹாலின் நடுவில் நின்றபடி. “எனக்கு ஒரு சின்ன சந்தேகம். உங்க வாயில ஏன் ஆணி இல்ல?”

“என்ன மேடம்?”

“எங்க பெரியப்பா குஷன் வேலை செய்யறவர். சினிமா கொட்டகை சீட்டெல்லாம் அவர் போட்டது. ஒரு கை துணியை இறுக்கி இழுத்துப் பிடிச்சிருக்கும், இன்னொரு கையில சுத்தியல் இருக்கும். அப்புறம் ஆணி எடுக்கறதுக்கு எங்க போறது? வாய்தான். ஒரு பிடி ஆணியை உள்ள போட்டுக்குவாரு. நாக்கால ஒண்ணு ஒண்ணா திருப்பி, தலை வெளிய வர மாதிரி உதட்டுக்குத் தள்ளுவாரு. காந்தச் சுத்தியல் வந்து ஆணியைக் கவ்விக்கிட்டுப் போகும். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பாரு. பெரியம்மா அவரைத் திட்டணும்னா அந்த நேரமாப் பார்த்துத்தான் திட்டுவாங்க. பதில் வராதுல்ல.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் மட்டும்தான்.

“அந்த வேலையில நாக்குக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்டா,” அண்ணி தொடர்ந்தார், “நிஜமான ஆள் முதல்ல ஆணியை உள்ளங்கையில துப்பிட்டுத்தான் வாயைத் திறந்திருப்பாரு. நீங்க அடிச்சுக்கிட்டே பாடம் ஒப்பிச்சீங்க. தட்டுலேருந்து ஆணி எடுக்க ஒவ்வொரு தடவையும் துணியை விட்டுட்டீங்க. அதான் இவ்வளவு சுருக்கம்.”

“பட்டியை நாக்குன்னு சொல்றது தப்பா?” குரலில் இப்போது மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

“தப்பில்ல, சரியாத்தான் சொன்னீங்க. அர்த்தம் யாருக்கு வேணும்? ஆளுக்கு ஒரு அர்த்தம் இருக்கும், வீட்டுல உக்காந்து படிச்சுக்கூட வரலாம். அவர் விரலை நீட்டினாரு, இவர் பலகையைத் தட்டினாரு, இவருக்கு மணிக்கட்டு ஆடிச்சு. வார்த்தையைக் கேட்டா வேலை செஞ்ச உடம்பு முன்னாடி பதில் சொல்லும். உங்க உடம்புக்கு எதுவும் ஞாபகம் வரல.”

“நான் மெஷின்ல பின் அடிச்சுப் பழகினவன். இது எனக்குப் புதுசு.”

“அப்ப அந்தப் பையில மெஷின் இருக்கணுமே. திறந்து காட்டுங்க.”

அவர் பைக்குள் கை விட்டார். வெளியே வந்தது துணி அறுக்கும் வளைந்த கத்தி. பை சரிந்ததில் ஒரு நெம்புகம்பியும் பழைய நகைப் பெட்டிகளும் தரையில் சிதறின. ஒரே தாவலில் அவர் பூட்டுக்காரரின் பின்னால் போய், முதுகில் கத்தியை வைத்துவிட்டார்.

“தூக்கு ஷட்டரை. எல்லாரும் அப்படியே நில்லுங்க.”

பூட்டுக்காரர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். கீழே தெருவின் வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. யாரோ நடந்துபோகிற கால்கள் தெரிந்தன. அவ்வளவு பக்கத்தில் உலகம் இருந்தது.

“என் தங்கச்சி எங்கடா?” எனக்கு வாய் குழறியது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். “இது இல்லாம அவளால முடியாதுடா. நீ எதை வேணா எடுத்துக்கிட்டுப் போ. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு.”

“நான் வெளிய போய்த் தெரு முனை தாண்டினதும் ஃபோன் பண்ணிச் சொல்றேன். யாராவது பின்னாடி வந்தீங்க, சொல்லவே மாட்டேன். அவ அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.”

கடிகாரக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தச்சர் பல்லைக் கடித்தார். அந்தக் கட்டடத்திலேயே அதிகமாக மாட்டிக்கொண்டவன் நான்தான். போகவிட்டாலும் தங்கை போச்சு, தடுத்தாலும் போச்சு. திரும்பவும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“நீ சொல்ல வேண்டாம்,” என்றார் அண்ணி அவனிடம். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் குரல் எனக்கு என்றைக்கும் மறக்காது. “தம்பி, எந்திரி.”

“அண்ணி?”

“நீ உக்காந்திருக்கற இடத்தை விட்டு எந்திரிடா.”

எழுந்தேன். திரும்பிப் பார்த்தேன். பச்சைத் துணி பெஞ்சின் மேலிருந்து இறங்கி, மூடியின் விளிம்பைத் தாண்டி, முன்பக்கப் பலகையில் வரிசையாக ஆணி அடிக்கப்பட்டிருந்தது.

“தச்சர் மூடி போட்டது திறக்கறதுக்கு,” என்றார் அண்ணி. “குஷன்காரனா இருந்தா மூடியை மட்டும் சுத்தித் துணி போட்டிருப்பான். திறக்கவே முடியாதபடி மூடியையும் பெட்டியையும் சேர்த்து அடிச்சிருக்கான். அது குஷன் வேலை இல்ல, சவப்பெட்டி வேலை.”

அவன் முகம் வெளுத்தது. அவனிடம் விற்க இருந்த ஒரே சரக்கும் போய்விட்டது. கத்தியை வீசிவிட்டு, தரையில் விழுந்து ஷட்டரின் அடியில் தலையை நுழைத்தான். தோள் போனது, வயிறு போனது. அண்ணி பூட்டுக்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பூட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

ஷட்டர் அவன் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. பாதி ஆள் தெருவுக்கும் பாதி ஆள் எங்களுக்குமாக அலறினான். இந்தப் பக்கம் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் மேல் தச்சர் ஏறி உட்கார்ந்தார். “பாரம் கம்மிதான் மேடம், உசிருக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார் பூட்டுக்காரர், மிகவும் பொறுப்பாக.

இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது துணியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். நகம் பிய்ந்தது தெரியவில்லை. கடிகாரக்காரர் அந்தக் கத்தியை எடுத்துவந்து ஒரே இழுப்பில் துணியை அறுத்தார். மூடியைத் தூக்கினோம்.

ஸ்பாஞ்சுத் துண்டுகள். அதற்கு நடுவே, பட்டியால் கையும் காலும் கட்டி, வாயில் பச்சைத் துணி அடைத்து, என் தங்கை. உதடு ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது.

வாய்த் துணியை அண்ணி பிடுங்கினார். நான் இன்ஹேலரை வைத்து அமுக்கினேன். அவசரத்தில் முதல் தடவை அவள் கன்னத்துக்குத்தான் மருந்து போட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து நேராக வைத்தார். இழுத்தாள். நெஞ்சு விசில் அடித்தது. இன்னொரு தடவை. அந்த விசில் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து வெறுத்துவந்தேன். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

“பின்பக்கம் காத்துக்கு ஓட்டை விட்டேன் மேடம்,” என்று தச்சர் அந்தக் கால்களின் மேல் உட்கார்ந்தபடியே அழுதார். “கம்பளி மக்கிப்போகக் கூடாதேன்னு விட்டேன்.”

“முன்னாடியே தெரிஞ்சுதான் பேசிக்கிட்டிருந்தீங்களா அண்ணி?” அழுகையும் கோபமுமாகக் கேட்டேன். “நான் இவ மேல உக்காந்து கால் ஆட்டிக்கிட்டிருந்தேன்!”

“அந்தத் துணியைத் தொட்டப்பதான் தெரிஞ்சுது. அவன் கைக்கெட்டற தூரத்துல சுத்தியல், ஆணி, கத்தி. பக்கத்துல நீ, கீழ இவ. அவனை முதல்ல பெஞ்சை விட்டு நகர்த்தணும். அதான் ஷட்டர் திறந்துடுச்சுன்னு கத்தச் சொன்னேன்.” அண்ணி பாப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இதுவரை உறுதியாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. “மூச்சு விடுடி கண்ணு. மெதுவா. அவசரமே இல்ல.”

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலில் இருந்த கட்டை அவிழ்த்தேன். முடிச்சு தெரியவில்லை, கண் அப்படிக் கலங்கியிருந்தது. சின்ன வயதில் ஜெயித்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வாங்கியது. அண்ணி வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. கட்டு அவிழ்ந்த கையை மெல்லத் தூக்கி என் முன்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே இருக்கும்படி.

“என்னம்மா? தண்ணி வேணுமா?”

இல்லையென்று தலையை ஆட்டினாள். குரல் ஒரு நூல் அளவுக்குத்தான் வந்தது.

“சாவி.”

“எந்த சாவி?”

“பைக் சாவி,” என்றாள். ஒரு மூச்சு இழுத்தாள். “பெட்ரோல் போட்டுக் குடு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

எடுத்துக் கொடுத்துவிட்டேன். விரலை மடக்கி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன்.